ரெண்டேகால் மணி அலை

செப்டம்பர் 21, வியாழன்

காலையில் சோயாப்பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைப்பதை விட்டுவிட்டு இவர் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு, "பின்னால போ, பின்னால போ" என்றார். என்னைச் சொன்னாரா பாலைச் சொன்னாரா தெரியவில்லை. அடுப்பைத் துடைத்தது நான்.

ஜூனில் இவருக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருடம் சியென்டாங் ஆற்றங்கரையில் அலைக்காவல். கடல் ஆற்றுக்குள் புகுந்து எதிர்த்து ஏறி வருவதற்கு முன்னால், கையில் ஒலிபெருக்கியுடன் கரையில் நடந்து, படியில் இறங்கி நிற்கிறவர்களை எல்லாம் மேலே ஏற்றுகிற வேலை. பகலில் ஒரு அலை, இரவில் ஒரு அலை. இப்போது அலை இல்லாத இடத்திலும் ஆட்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறார். நேற்று மத்தியானம் நாங்கள் தெருப் பெண்கள் சதுக்கத்தில் நடனம் ஆடிக்கொண்டிருந்தபோது, நீரூற்றுப் பக்கம் போன பெண்களை ஓரமாக வரச் சொல்லிக் கை காட்டினார். பக்கத்து வீட்டு சின்ஃபாங் அக்கா ஆட்டத்தை நிறுத்தாமலே சொன்னாள்: "பெய்ஷு, உன் வீட்டுக்காரரை அந்த மரத்துல கட்டிட்டு வாயேன், நிம்மதியா ஆடலாம்."

மூன்று மாதமாக இரண்டு வேளையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

செப்டம்பர் 24, ஞாயிறு

இவர் நடைப்பயிற்சிக்குப் போனார். அலை நேரத்துக்குச் சரியாகக் கரைக்குப் போய்ச் சேருகிற நடைப்பயிற்சி.

செப்டம்பர் 26, செவ்வாய்

நினைத்தேன், நடந்துவிட்டது. கரை அலுவலகத்திலிருந்து போன். புதிதாக வந்தவர்களில் இரண்டு பேர் நின்றுவிட்டார்களாம். இன்னும் இரண்டு வருடம் ஒப்பந்தத்தில் வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். விடுமுறை முடிந்து எட்டாம் தேதி பதில் சொன்னால் போதும்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"யோசிக்கணும்."

யோசிக்கிறவர் முகமா அது. வேலைக்குப் போகும்போது மாட்டும் ஆரஞ்சு மேலாடையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார்.

எனக்கு வேண்டாம். இங்கே எழுதுவதற்கு என்ன, எனக்கு வேண்டவே வேண்டாம். ராத்திரி அலைக்கு எழுந்து போவதும், பனிக்காலத்தில் காது மடல் வெடிப்பதும், நான் ஆறிப்போன சோற்றுக்கு மூடி போட்டு வைத்திருப்பதும் போதும். ஆனால் போகாதீர்கள் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி ஒருவரை வீட்டில் உட்கார வைத்தால் அவர் உட்கார்ந்திருப்பதற்கு அர்த்தம் இல்லை.

செப்டம்பர் 27, புதன்

இன்னும் ஐந்து நாளில் பழைய நிலாக் கணக்குப்படி எட்டாம் மாதம் பதினெட்டு. வருடத்தின் பெரிய அலை.

எங்களை முதலில் சந்திக்க வைத்தது ஆலைச் சாப்பாட்டு அறையில், என் மேற்பார்வையாளர் அம்மாதான் ஏற்பாடு. நான் சோங்யாங் மலைக்காரி, எங்கள் ஊர் ஓடையில் மாடு குளிப்பாட்டினால் தண்ணீர் தீர்ந்துவிடும். இவர் என்ன பேசுவது என்று தெரியாமல் ஆற்றைப் பற்றிப் பேசினார். "பதினெட்டாம் நாள் ஆறு எழுந்து நிக்கும். எதிர்க்கரைக்கு, யென்குவானுக்குக் கூட்டிட்டுப் போறேன். பக்கத்துல பக்கத்துல உக்காந்து பாக்கலாம்." அந்த 'பக்கத்துல பக்கத்துல'வுக்காகத்தான் சரி என்றேன். ஆறு எழுந்து நிற்பதை யார் நம்பினார்கள்.

முதல் வருடம் மகள் யுன்சு வயிற்றில். அப்புறம் மாமனார் படுக்கையில். அப்புறம் ஆலையில் விடுப்பு இல்லை. அப்புறம் இவருக்கு இந்த வேலை வந்தது, பதினெட்டாம் நாள் என்றால் விடியலிலிருந்து கரையில் நிற்க வேண்டும். அலையை நான் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. இவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கூட்டத்தில் தனியாக நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நான் ஆற்றைப் பார்த்து நிற்பேன், இவர் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நிற்பார். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாகப் பார்த்தது ஒருமுறைகூட இல்லை. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம். மறுபடி வேலைக்குப் போனால் இன்னும் இரண்டு பதினெட்டு போய்விடும். அப்புறம் யாருக்கு எந்த முழங்கால் இருக்குமோ.

செப்டம்பர் 29, வெள்ளி

நடு இலையுதிர்ப் பண்டிகை நாள். யுன்சு நிங்போவிலிருந்து வந்தாள், மாப்பிள்ளை கார் ஓட்டி வந்தார். நான் இறைச்சி நிலாப் பணியாரம் சுட்டேன், மேல் மாவு இந்த முறை நன்றாக உதிர்ந்தது. சேம்பு வேகவைத்து உப்பில் தொட்டு இவர் ஒருவரே பாதித் தட்டைக் காலி செய்தார்.

சாப்பிட்டபின் யுன்சு கைபேசியை நீட்டினாள். யென்குவான் மேடையில் இரண்டு இருக்கை, பதினெட்டாம் நாளுக்கு. எனக்குத் தெரியாமல் எப்போதோ பதிவு செய்திருக்கிறாள்.

"அப்பா, இந்த வருஷம் நீங்க அம்மா பக்கத்துல உக்காரணும். விசில் எடுத்துட்டுப் போகக் கூடாது."

"விசில் இல்லாம கரைக்கு எப்படிப் போறது?"

"எல்லாரும் போற மாதிரிதான். அங்க அலை எத்தனை மணிக்குன்னு இதுல போட்டிருக்காங்க, பாத்துக்கங்க."

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கே அலை நேரம் சொல்றியா? பதினெட்டுன்னா ரெண்டேகால். எங்கப்பன் பேரை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன்."

மாப்பிள்ளை, "மாமா இருக்கும்போது கைபேசி எதுக்கு" என்று ஒத்து ஊதினார். நல்ல பிள்ளை. நானும் சிரித்தேன். நிலா பெரிதாக வந்திருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு பண்டிகை பண்டிகையாக இருந்தது.

அக்டோபர் 1, ஞாயிறு

குடை, தேநீர்ப் புட்டி, அவித்த வேர்க்கடலை. இவர் பையைச் சோதித்தேன். விசில் இருந்தது. எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன்.

அக்டோபர் 2, திங்கள்

பார்க்கவில்லை.

அங்கேயே இருந்தோம். பார்க்கவில்லை. இப்போது எழுத முடியாது.

அக்டோபர் 3, செவ்வாய்

தூங்கி எழுந்தபின் எழுதுகிறேன். இவர் எனக்கு முன்னால் எழுந்து பாத்திரம் கழுவி வைத்திருக்கிறார். கழுவட்டும்.

பாலம் தாண்டி, இரண்டு பஸ் மாறி, பதினொன்றரைக்கு யென்குவான் போய்விட்டோம். விடுமுறைக் கூட்டம், பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. ஆனால் எனக்கு எல்லாம் இனித்தது. நீல நிறச் சட்டை போட்டிருந்தேன். இருக்கையைப் போய்ப் பார்த்தோம், நல்ல இடம், ஆறு நேராகத் தெரிந்தது. கல் மட்டும் தோசைக்கல் மாதிரி சுட்டது. இவர், "ரெண்டேகால் வரைக்கும் இங்க உக்காந்து வேக வேண்டாம், பழைய தெருவுல ஆட்டுக்கறி நூடுல்ஸ் சாப்பிட்டு வரலாம்" என்றார். எத்தனை வருடம் கழித்து வெளியே ஒன்றாகச் சாப்பிடுகிறோம். சரி என்றேன்.

ஊர்க்கதை பேசி, கடைத்தெருவில் நின்று நின்று, நூடுல்ஸ் கடையில் உட்காரும்போதே மணி ஒன்றுக்கு மேல். கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது. இவர் தன் கிண்ணத்திலிருந்து இரண்டு துண்டு எடுத்து என் கிண்ணத்தில் போட்டார். தெரு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. கடைக்கார அம்மா ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "பெரியவரே, நீங்க போகலையா?"

"இருக்கும்மா. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"இல்லையே, எல்லாரும் இப்பவே..."

"நான் இருபத்திரண்டு வருஷம் அலைக்காவல்."

அதற்கு மேல் அந்த அம்மா என்ன பேசுவாள். எங்களை நம்பிக் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். "வெளியூர்க்காரங்கதான் இப்படி முன்னாடியே போய்க் கருகுவாங்க" என்றார் இவர். வெளியூர்க்காரர்களாம். அந்த அம்மா பிறந்ததே அந்தத் தெருவில்தானாம், கொஞ்ச நேரத்துக்கு முன் எங்களிடம் சொன்னாள்.

தன் கைபேசியை மேஜையில் நிமிர்த்தி வைத்து அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்காவது பேச வேண்டுமா என்று கேட்டேன். "இல்ல, வரும்" என்றார்.

முதலில் வாசலில் தொங்கிய துணி ஆடியது, குளிர் காற்று. அப்புறம் சத்தம். நிறைய லாரி ஒரே நேரத்தில் வருகிற மாதிரி. கிண்ணத்தில் சூப்பு நடுங்கியது. இவர் கையிலிருந்த குச்சிகள் கீழே விழுந்தன. அந்தச் சத்தத்தைத் தெரியாதவரா இவர்.

ஓடினோம். என் செருப்பு வார் அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்றவன் டிக்கெட் எங்கே என்றான், இவர் கைபேசியில் தேடத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். மேலே ஏறினால் முதுகு. ஆயிரம் முதுகு, அதற்கு மேல் ஆயிரம் கைபேசி. எல்லாரும் ஓ என்றார்கள். அப்புறம் எல்லாரும் திரும்பி எங்களைப் பார்த்து வர ஆரம்பித்தார்கள், முடிந்துவிட்டது. கரைக்கல் நனைந்திருந்தது. ஆறு கலங்கி மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. அலையின் வால்கூட இல்லை. மணி ஒன்று முப்பத்தைந்து.

இவர் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "யென்குவான்லேர்ந்து போன் வரல. இங்க அலை தாண்டினதும் இந்தக் கரைக் காவல்காரங்க எனக்குப் போன் பண்ணுவாங்க. அதுக்கப்புறம் அது நம்ம கரைக்கு வர முக்கால் மணி ஆகும். அந்தப் போனுக்குத்தான் காத்துட்டு இருந்தேன்."

"நாமளே யென்குவான்லதானே இருக்கோம்" என்றேன்.

நம்ம கரைக்கு ரெண்டேகால். அவ்வளவுதான் அந்த மண்டையில. யென்குவானுக்கு வந்தும் நம்ம கரையிலயேதான் நின்னுட்டிருக்காரு. முப்பத்தஞ்சு வருஷம்யா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டேன். நூடுல்ஸ் தின்னுட்டு உக்காந்திருக்கோம். யுன்சு போட்ட நேரத்தை ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா? நானும்தான் பாக்கல. இவரைவிடவா தெரியும்னு விட்டுட்டேன். என்னைச் செருப்பால அடிக்கணும், அதுவும் அறுந்து போச்சு.

திரும்பும்போது பஸ்ஸில் அறுந்த செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாலத்தின் நடுவில் நெரிசலில் வண்டி நின்றது. அப்போது இவர் ஜன்னலைப் பார்த்தபடி பேசினார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமாம். அலை கிட்டே வந்துவிட்டது, எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள் என்று நினைத்து, ஒரே ஒரு நொடி திரும்பி அதைப் பார்த்திருக்கிறார். அந்த நொடியில் ஒரு ஆள் சேற்றுச் செருப்பைக் கழுவக் கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டான். அலை அவனை எடுத்துக் கல்லில் அடித்தது. பிழைத்துக்கொண்டான், கால் மட்டும் மூன்று இடத்தில் முறிந்தது. "அதுக்கப்புறம் நான் திரும்பினதே இல்ல. அது தாண்டிப் போனப்புறம் முதுகைத்தான் பாத்திருக்கேன். முகத்தைப் பாத்ததில்ல."

இதை இத்தனை வருடம் என்னிடம் சொன்னதில்லை. கடமை, பெருமை என்று ஏதேதோ நினைத்திருந்தேன். பயம் என்று தோன்றவே இல்லை.

கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி இருக்கிறது. இன்றைக்கும் அலை பெரிதுதான், நம் கரைக்குப் போகலாமா என்று கேட்டார். எனக்குத் துணி துவைக்கிற வேலை இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 4, புதன்

பழைய கணக்கில் இன்று இருபது; இருபதாம் நாள் அலையும் பதினெட்டுக்குக் குறைந்ததில்லை, ஆற்றங்கரைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். வெளியூர்க் கூட்டம்தான் பதினெட்டோடு போய்விடும். மத்தியானம் சாப்பிட்டதும் நானே இரண்டு முக்காலியை எடுத்தேன். "வாங்க" என்றேன். எங்கே என்று கேட்காமல் வந்தார்.

இவருடைய பழைய இடத்தில் இப்போது ருவான். முப்பத்தைந்து வயது இருக்கும், இவர்தான் பழக்கிவிட்டுப் போனார். தூரத்தில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள், எங்களைக் கவனிக்கவில்லை. நான் முக்காலியைப் போட்டு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தேன். இவர் நின்றார். ஆற்றுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து. முழங்கையைப் பிடித்துத் திருப்பினேன். திரும்பினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அந்தப் பக்கம். மறுபடி திருப்பினேன்.

"இன்னைக்கு உங்க வேலை இல்லைங்க. அந்தப் பொண்ணு பாத்துப்பா."

"படிக்கிட்ட ரெண்டு பேர் நிக்கறாங்க."

"அவ பாத்துப்பா."

அப்போது ஒலிபெருக்கி: "அங்க முக்காலி போட்டிருக்கிற ரெண்டு பேரும் மூணடி பின்னால வாங்க. பெரியவரே, உங்களைத்தான் சொல்றேன்."

இவர் சுற்றும் முற்றும் பார்த்தார், எந்தப் பெரியவர் என்று. ருவான் வேகமாக வந்தாள். கிட்டே வந்ததும் யாரென்று தெரிந்து முகம் சிவந்துவிட்டது. ஆனால் ஒலிபெருக்கியை இறக்கவில்லை.

"லூ மாஸ்டர், நீங்களா இருந்தாலும் மூணடிதான்."

நான் பயந்துவிட்டேன், ரோஷக்காரர் ஆயிற்றே. இவர் குனிந்து இரண்டு முக்காலியையும் எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பின்னால் வந்து போட்டார். "நல்லா கத்தறா" என்றார். குரலில் அப்படி ஒரு திருப்தி. அப்புறம் அவராகவே ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார். நான் திருப்பவில்லை.

மூன்றரை மணிக்குக் கிழக்கே வெள்ளையாக ஒரு நூல். ஆறு அசையாமல் கிடந்தது. நூல் கயிறானது, கயிறு மதிலானது. இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் அழுந்தி வலித்தது, சொல்லவில்லை. எங்கள் எதிரே வரும்போது அது ஒரு ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது, கரையின் வளைவில் மோதித் திரும்பித் தன் மேலேயே ஏறியது. தண்ணீர் தெறித்து முகமெல்லாம் மண். நான் எப்போதும் அலையைத்தான் பார்ப்பேன். இன்று பாதி நேரம் இவர் முகத்தைத்தான் பார்த்தேன். வாய் திறந்து இருந்தது, சின்னப் பிள்ளை மாதிரி.

அது போனபிறகும் கையை விடவில்லை. ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்:

"இதுக்குத்தான் இறங்கறாங்களா? அறிவு இருக்கா, அறிவு இருக்கான்னு எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண் விழுந்துவிட்டதாம். எனக்கும் விழுந்துவிட்டது.

அக்டோபர் 5, வியாழன்

இன்று அரிசி களைந்தது இவர். விசில் கிடைத்துவிட்டது. என்னைப் பார்த்தார், நான் காய் நறுக்கினேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஒரே மேஜையை மூன்று முறை துடைத்தேன். போவதென்றால் போகட்டும், சோற்றுக்கு மூடி போட எனக்குத் தெரியும் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன். பத்து மணிக்குப் பால்கனியில் நின்று அலுவலகத்துக்குப் பேசினார். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தேன், கேட்பதற்குத்தான்.

"இல்ல சார். உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் அதைப் பாத்துட்டேன், அதான். ... ஆமாம், அலையைத்தான். இனிமே கரையில நின்னா கழுத்து தானா திரும்பும். கழுத்து திரும்பற ஆள் அந்த வேலைக்கு ஆகாது."

அந்தப் பக்கம் சிரித்திருப்பார்கள் போல. இவர் சிரிக்கவில்லை. பேசி முடித்து அந்த ஆரஞ்சு மேலாடையை மடித்து மேல்தட்டில் வைத்தார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, ஆனாலும் கஷ்டமாக இருந்தது. மத்தியானம் விசிலைக் கொண்டுபோய் ருவானிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவளிடம் இருப்பது சத்தம் பத்தாதாம்.

இரவுக்கு நண்டு வேகவைத்தேன். பெரியதை அவருக்கு வைத்தேன், அவர் ஓட்டை உடைத்துச் சதையை எனக்கு வைத்தார்.

அக்டோபர் 17, செவ்வாய்

பழைய கணக்கில் ஒன்பதாம் மாதம் மூன்று. மாடிக்கடியில் இருக்கிற ஒஸ்மந்தஸ் மரம் பூத்து வீடெல்லாம் வாசனை. சின்ஃபாங் அக்கா நான்கு நாளாக ஆட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறாள். நாங்கள் வேறு இடத்துக்குப் போகிறோம் என்றேன்.

மூன்றாம் நாளுக்கும் பதினெட்டாம் நாளுக்கும் அலை நேரம் ஒன்றுதான், இது எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா. ஆனாலும் சாப்பிட்டு முடித்ததும் முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கேட்டார்: "இன்னைக்கு நம்ம கரைக்கு எத்தனை மணிக்கு?"

கைபேசியை எடுத்துப் பார்த்தேன், மூக்குக் கண்ணாடி போட்டு, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக.

"ரெண்டேகால்" என்றேன்.

"சரி" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு நான் வரும்வரை நின்றார்.